விரித்த ஐந்து விரல்கள்

தாயக்கட்டையில் தாயம் விழ எத்தனை முறை உருட்டவேண்டும்? ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். கணக்கு சொல்வது சராசரியாக 8. ஒரு கட்டைக்கு நான்கு முகம்: ஒன்று வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் அவை 16 விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்று வெறுமையும் மற்றது ஒற்றைப் புள்ளியுமாக விழுவது, அவற்றில் இரண்டே விதம். மூன்று விழ நான்கு வழி உண்டு. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கும், இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. இந்த ஏற்றத்தாழ்வின்மேல்தான் ஆட்டமே நிற்கிறது. எளிதில் விழும் இரண்டு, மூன்று, நான்குக்கு மறு உருட்டு கிடையாது. அரிதாக விழும் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு உண்டு. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு வகுத்தார்களா, ஆடி ஆடித் தேய்ந்து இந்த வடிவத்துக்கு வந்ததா, எப்படியானாலும் அழகான ஏற்பாடு.

இப்போது கட்டை பரணில் கிடக்கிறது. வீட்டார் ஆளுக்கொரு ஊரில். தேடுபொறியில் கேட்டாலே பகடையும் நாணயமும் திரையில் வந்து நிற்கின்றன, செயலிகளுக்கும் பஞ்சமில்லை. வீடியோ அழைப்பில் கோலத்தை ஆளுக்கு ஒன்று வரைந்து வைத்துக்கொண்டு, திரைப் பகடையை உருட்டி ஆடிவிடலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். ஆனால் திரையில் உருளுவது ஆறு முகப் பகடை. அதில் தாயம் எட்டில் ஒன்றல்ல, ஆறில் ஒன்று. பன்னிரண்டு கிடையவே கிடையாது. சில நிரல்களை எழுதியவர்கள் இன்னும் சுருக்கமாக வேலையை முடித்துக்கொள்வார்கள்: 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு எண்களைப் பட்டியலிட்டு, ஏழில் ஒன்றை எடு என்று சொல்லிவிட்டால் போதும். விழும் எண்கள் சரி, விழும் விகிதம் தவறு. 16இல் ஒரு முறை வரவேண்டிய பன்னிரண்டு 7இல் ஒரு முறை வரும். உண்மையான கட்டையில் ஒரு முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டு கிடைக்கும். இந்தப் பட்டியலில் அது 2.3ஐத் தாண்டுகிறது. ஒருவர் கையில் கட்டை போனால் திரும்பி வர நேரமாகும், காய்கள் பறக்கும், வெட்டு கூடும். ஆட்டம் விறுவிறுப்பாகத்தான் இருக்கும். அது தாயம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவருடைய புகார் வேறு. ஒருநாள் வீடியோ அழைப்பில் தொடர்ந்து நான்கு முறை எனக்கு மறு உருட்டு விழுந்ததும், கேமராவுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து கேட்டார்: “அது ஒன் பக்கமே போடுது. போன் ஒன்னோடதுதானடா?”

சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தோம். ஆனால் அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் என்னிடம் இல்லை. இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போனதில் விளைந்தது.

*

பெரியம்மாவின் பித்தளைக் கட்டை மட்டும் முழு யோக்கியமா? இல்லை. 1894இல் இங்கிலாந்தில் வெல்டன் என்ற உயிரியல் அறிஞர் 12 பகடைகளை 26,306 முறை உருட்டிக் குறித்து வைத்தார். ஐந்தோ ஆறோ விழுவது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.33 விழுக்காடு இருக்கவேண்டும். வந்தது 33.77. புள்ளிகளைக் குழியாகத் தோண்டுவதால் ஐந்தும் ஆறும் உள்ள பக்கங்கள் ஒரு மயிரிழை இலேசாகி மேலே வருகின்றன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். கார்ல் பியர்சன் 1900இல் அறிமுகப்படுத்திய புகழ்பெற்ற புள்ளியியல் சோதனைக்கு இந்தக் குறிப்புகளும் தீனியாயின. நாணயமும் அப்படித்தான். பெர்சி டயகோனிஸும் அவருடைய கூட்டாளிகளும் 2007இல், சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மறுபடி மேலே விழும் வாய்ப்பு சற்றுக் கூடுதல், ஏறக்குறைய 51 விழுக்காடு என்று இயற்பியலைக் கொண்டு கணித்தார்கள். 2023இல் 48 பேர் சேர்ந்து 350,757 முறை சுண்டிப் பார்த்ததில் கிடைத்தது 50.8. ஆயிரம் முறைக்கு எட்டு முறை அதிகம். பூவா தலையா கேட்பவர் சுண்டுபவரின் கட்டைவிரல்மேல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டால் நட்டமில்லை.

ஆக, கையால் உருட்டுவது சுத்தம், கணிப்பொறி உருட்டுவது கலப்படம் என்று பிரித்துவிட முடியாது. சொல்லப்போனால் நன்றாக எழுதப்பட்ட நிரலின் பகடை வெல்டனின் பகடையைவிடச் சீரானது.

நன்றாக எழுதப்பட்ட என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. கணிப்பொறிக்கு இயல்பாகத் தற்செயல் என்று ஒன்று தெரியாது. தொடக்க எண் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் பெருக்கி, வெட்டி, இடம் மாற்றி அடுத்த எண்ணைச் செய்கிறது, அதிலிருந்து அடுத்தது. இந்தத் தொடக்க எண்ணை விதை என்பார்கள். அதே விதையைப் போட்டால் அதே பயிர்தான். கணக்கின் வழியாகத் தற்செயலைச் செய்யப் பார்ப்பவன் பாவம் செய்கிறான் என்று ஜான் வான் நியூமன் அந்தக் காலத்திலேயே கேலி செய்தார், செய்துகொண்டே. விதை தெரிந்தவனுக்கு ஆட்டம் முழுவதும் தெரியும். 1999இல் இணையச் சீட்டாட்டத் தளம் ஒன்றின் சீட்டுக் கலைக்கும் நிரலை அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் பிரித்துப் பார்த்தார்கள். 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கையை எழுத 68 இலக்கம் வேண்டும். அந்த நிரலோ நள்ளிரவு முதல் கடந்த மில்லி நொடிகளை விதையாக எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாளில் இருப்பது 8 கோடியே 64 இலட்சம் மில்லி நொடிகள்தான். கடிகாரத்தை ஓரளவு ஒத்துவைத்துக்கொண்டால் மிஞ்சுவது இன்னும் குறைவு. தங்கள் கையில் வந்த சீட்டையும் மேசையில் திறந்த சீட்டையும் கொண்டு, எதிராளி கையில் இருப்பதை அவர்களால் சொல்லிவிட முடிந்தது.

இன்றைய கைபேசிகள் அத்தனை வெகுளி அல்ல. வன்பொருளின் இரைச்சலையும் நேரச் சிதறல்களையும் திரட்டி, யாரும் ஊகிக்க முடியாத விதையைத் தருகின்றன. ஆனாலும் நிரலர் ஒரு வரியில் கோட்டைவிடலாம். 0 முதல் 255 வரை சீராக வரும் எண்ணை 6ஆல் வகுத்து மீதியைப் பகடை எண்ணாக எடுப்பது எல்லோரும் முதலில் செய்வது. 256ஐ ஆறால் வகுத்தால் 4 மிஞ்சும். அதனால் நான்கு முகங்களுக்கு 43 வழி, இரண்டு முகங்களுக்கு 42 வழி என்று ஆகிவிடும். மருந்து எளிது: 252 முதல் 255 வரை வந்தால் தூக்கியெறிந்துவிட்டு வேறு எண் எடுக்கவேண்டும். கோலத்தைத் தாண்டி ஓடிய கட்டை செல்லாது, மறுபடி உருட்டு என்று திண்ணையில் சொல்வோமே, அதேதான்.

*

சரி, எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பெரியம்மா நம்பமாட்டார். அதற்கும் கணக்கு இருக்கிறது. தாயம் எட்டில் ஒன்று என்றால், 16 முறை உருட்டியும் தாயம் விழாமல் காய் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 12 விழுக்காடு. நான்கு பேர் ஆடினால், அவர்களில் ஒருவராவது இப்படி வாடும் வாய்ப்பு 39 விழுக்காட்டுக்கும் மேல். ஐந்து ஆட்டத்தில் இரண்டில் யாரோ ஒருவர் அழுதுகொண்டிருப்பார் என்று பொருள். இது கோளாறு அல்ல. தற்செயலின் முகமே இதுதான். நம் மனம்தான் தற்செயல் என்றால் ஒழுங்காகப் பங்கிட்டுத் தருவது என்று நினைத்துக்கொள்கிறது.

திண்ணையில் இந்த வாட்டம் வந்தால் என்ன சொல்வோம்? “இன்னைக்குக் கை சரியில்லை.” குற்றம் நம் கைமேல், அல்லது நேரத்தின்மேல். கட்டையை உள்ளங்கையில் தேய்த்தது நாம், போட்டது நாம், உருண்டதை எட்டுக் கண்கள் பார்த்தன. யாரைக் குறை சொல்வது? திரையில் அதே வாட்டம் வந்தால் குற்றம் செயலியின்மேல், செயலி செய்தவன்மேல், போன் வைத்திருப்பவன்மேல் போகிறது. நிகழ்தகவு ஒன்றுதான், பழி சேரும் இடம் மாறிவிடுகிறது. திரையில் உருளும் அந்தப் பகடைப் படம் வெறும் அலங்காரம். அது நிற்பதற்கு முன்பே எண் முடிவாகிவிட்டது. நாம் பார்ப்பது உருட்டுவதை அல்ல, அறிவிப்பை.

இந்தச் சந்தேகம் கிழவியின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாதபடி அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. எடி டிப்டன் பல மாநிலங்களுக்கான லாட்டரி சங்கத்தில் தகவல் பாதுகாப்புத் தலைவர். எண்களைத் தேர்ந்தெடுக்கும் கணிப்பொறியின் நிரலில் அவரே சில வரிகளைச் செருகினார். ஆண்டில் குறிப்பிட்ட மூன்று தேதிகளில், குறிப்பிட்ட கிழமையில், இரவு எட்டு மணிக்குப் பிறகு குலுக்கல் நடந்தால் மட்டும் எந்திரம் ஊகிக்கக்கூடிய எண்களைத் தரும். மற்ற நாள்களில் யோக்கியமாக நடந்துகொள்ளும். எத்தனை சோதித்தாலும் பிடிபடாது. 2010 டிசம்பர் 29 குலுக்கலில் 1 கோடியே 65 இலட்சம் டாலர் பரிசு அவர் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. அவர் சீட்டு வாங்கியது கடைக் கேமராவில் பதிவாகியிருந்தது. அது இல்லாவிட்டால் பிடிபட்டிருப்பாரா என்பது ஐயமே. 2017இல் 25 ஆண்டுவரை சிறை என்று தீர்ப்பானது. பகடையை உருட்டுபவரே கதவுக்குக் காவலாகவும் இருந்தார் என்பதுதான் அந்தக் கதையின் சுருக்கம்.

*

இதைப் படித்தபோது எனக்கு உத்திரமேரூர்தான் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை மக்களாட்சியின் சான்றாகக் காட்டுவது நம் வழக்கம். அது பிராமணர் ஊரின் சபை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் 35க்கு மேல் 70க்குள் வயதும் உள்ளவர்களின் பெயர்தான் குடத்துக்குள் போனது. அதனால் அந்தப் பெருமிதத்தைக் கொஞ்சம் அடக்கியே வாசிக்கவேண்டும். ஆனால் குலுக்கலை எப்படி நடத்துவது என்ற கையேடாக அதைப் படித்தால் அசந்துபோவோம்.

ஊரின் 30 குடும்புகளுக்கும், அதாவது பகுதிகளுக்கும், தனித்தனியாகப் பெயர் எழுதிய ஓலைகள். குடும்புவாரியாகக் கட்டு, கட்டுக்கு மேல் குடும்பின் பெயர் சொல்லும் வாயோலை. எல்லாம் ஒரு குடத்தில். சிறியோர் பெரியோர் அத்தனை பேரும் சபையில் கூடவேண்டும். அன்று ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் உட்காரவேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலைக்கவேண்டும். அதிலிருந்து அந்தச் சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தருவான். மத்தியஸ்தன் அதை வாங்கும்போது ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். அவன் வாசித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்கவேண்டும். அதன்பிறகே பெயர் எழுதிக்கொள்ளப்படும்.

ஒவ்வொரு விதியும் ஒரு திருட்டுக்கு எதிரானது. விரல்களை மடக்கினால் வேறு ஓலையை உள்ளே ஒளித்து வைத்திருக்கலாம், ஆகவே விரி. வாசிப்பவன் பெயரை மாற்றிச் சொல்லலாம். ஆகவே எல்லோரும் வாசி. எடுப்பவனுக்கு அடையாளம் தெரிந்திருக்கலாம், ஆகவே சிறுவன். இத்தனை நுணுக்கமாக எழுதவேண்டி வந்தது என்றால், இத்தனை திருட்டுகளையும் யாரோ செய்து பார்த்திருக்கிறார்கள், அல்லது செய்வார்கள் என்று சபை அஞ்சியிருக்கிறது என்றுதான் ஊகிக்கத் தோன்றுகிறது. டிப்டன் அந்தச் சபைக்கு அந்நியர் அல்ல.

பார்த்தால் மட்டும் போதுமா? போதாது. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில், வியட்நாம் போருக்கு யாரை முதலில் அழைப்பது என்று பிறந்தநாள்களைக் குலுக்கினார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 366 உருளைகளை மாதவாரியாகப் பெட்டியில் போட்டுச் சரியாகக் கலக்காமல் விட்டதால், கடைசியில் போட்ட டிசம்பர் உருளைகள் சீக்கிரம் கைக்கு வந்தன. சராசரி வரிசை எண் 183.5 இருக்கவேண்டும், டிசம்பரில் பிறந்தவர்களுக்கு 121.5. பிறந்த மாதமே சில இளைஞர்களின் தலையெழுத்தானது. இரண்டாவது குடத்தில் இட்டுக் குலை என்ற வரி எவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரிகிறது. நேர்மாறான கதையும் உண்டு: 2011இல் அமெரிக்கக் குடியேற்ற விசா குலுக்கலைக் கணிப்பொறி நடத்தியது. மே மாதம் முடிவு அறிவித்த பிறகுதான், தேர்வானவர்களில் 90 விழுக்காட்டினர் விண்ணப்பத்தின் முதல் இரண்டு நாள்களில் போட்டவர்கள் என்று தெரியவந்தது. குலுக்கலையே ரத்து செய்து மறுபடி நடத்தினார்கள். விசா கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்திருந்தவர்களுக்கு அந்த மே மாதம் எப்படி இருந்திருக்கும்!

விதியை முன்கூட்டியே பேசிக்கொள்வதும் இதில் சேர்த்தி. 2024 பிப்ரவரியில் இமாச்சலப் பிரதேச மாநிலங்களவைத் தேர்தலில் ஹர்ஷ் மகாஜனுக்கும் அபிஷேக் மனு சிங்விக்கும் 34, 34 என்று சம வாக்கு. சீட்டு எடுத்தார்கள். எடுத்த சீட்டில் இருந்த பெயர் சிங்வியுடையது. ஆனால் சீட்டில் பெயர் வந்தவர் தோற்றவர் என்பது அங்கே பின்பற்றிய முறை. அந்த முறையை எதிர்த்து அவர் உயர்நீதிமன்றம் போனார். நம்மூர்க் குலுக்கல் சீட்டில் பெயர் வந்தால் பணம் உனக்கு என்றுதானே பழக்கம்?

*

பெரியம்மாவின் கேள்விக்கு விடை தந்தவர் மானுவேல் ப்ளம் என்ற கணிப்பொறி அறிஞர். 1981இல் அவர் எழுப்பிய கேள்வி வேடிக்கையானது. மணமுறிவு பெற்ற இருவர் வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள். கார் யாருக்கு என்று தொலைபேசியிலேயே பூவா தலையா போட்டு முடிவுசெய்யவேண்டும். ஒருவரை ஒருவர் நம்புவதாக இல்லை. “தலை” என்று இவர் சொன்னதும், “அடடா, பூ விழுந்திருக்கு” என்று அவர் சொன்னால் என்ன செய்வது?

விடையின் அடிப்படை நம் குழந்தைகளுக்குத் தெரியும். ஒற்றையா இரட்டையா ஆடியவர்கள் எல்லோருக்கும் தெரியும். புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு கேட்கிறோம். மூடிய பிறகு கொட்டையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. திறக்கும்வரை எதிராளிக்குத் தெரியாது. அவர் சொல்லிய பிறகே கை திறக்கும். மூடிய கை இரண்டு வேலை செய்கிறது: மறைக்கிறது, கட்டிப்போடுகிறது. ப்ளம் செய்தது, தொலைபேசி வழியே நீட்டக்கூடிய மூடிய கையைக் கணிதத்தில் செய்ததுதான். பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது மிகக் கடினம் என்பதை அவர் பயன்படுத்தினார். இன்றைய வழி இன்னும் சுருக்கம். நான் மிகப் பெரிய இரகசிய எண் ஒன்றை எடுத்து, அதிலிருந்து கணிப்பொறி செய்துதரும் நீண்ட முத்திரை எண்ணை உங்களுக்கு முதலில் அனுப்பிவிடுகிறேன். முத்திரையிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்க உங்களால் முடியாது. அதே முத்திரைக்குப் பொருந்தும் வேறோர் எண்ணைத் தேடிப்பிடிக்க என்னாலும் முடியாது. நீங்கள் உங்கள் எண்ணைச் சொல்கிறீர்கள். பிறகு நான் என் எண்ணைத் திறக்கிறேன். இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்த மீதிதான் பகடை, மீதி இல்லையென்றால் ஆறு. நம்மில் ஒருவர் மட்டும் உண்மையாகத் தற்செயலாக எடுத்திருந்தாலே முடிவு சீராகிவிடும். போன் யாருடையதாக இருந்தாலும் கவலையில்லை. நடுவர் இல்லாத மத்தியஸ்தம்.

பெரும்பாலான பகடைச் செயலிகள் இதைச் செய்வதில்லை. எண்ணைக் காட்டுகின்றன, விரலை விரித்துக் காட்டுவதில்லை.

தனக்குத்தானே நாணயம் சுண்டுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று தோன்றும். பொருளியல் அறிஞர் ஸ்டீவன் லெவிட் ஓர் இணையதளம் வைத்து, வேலையை விடலாமா, உறவை முறிக்கலாமா என்று தவிப்பவர்களுக்காக 20,000க்கும் மேற்பட்ட முறை கணிப்பொறி நாணயத்தைச் சுண்டினார். மாற்றிக்கொள் என்று விழுந்தவர்கள் மாற்றிக்கொள்வது அதிகமாக இருந்தது. மாற்றிக்கொண்டவர்கள் ஆறு மாதம் கழித்து, மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகவும் சொன்னார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரு காலை வெளியே வைத்திருந்தவர்கள் என்பதை மறந்து இதை எல்லோருக்கும் பொருத்தக்கூடாது. எனக்கு இதில் பிடித்த செய்தி வேறு: அத்தனை பேர் ஒரு திரை நாணயத்துக்குக் கட்டுப்பட்டார்கள்! என்னால் முடிந்ததில்லை. திரை நாணயத்தை மறுபடி சுண்டக் காசு ஆவதில்லை, நேரமும் ஆவதில்லை; பிடிக்காத விடை வந்தால் விரல் தானாக இன்னொரு முறை தட்டுகிறது. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பவர்கள் சாமி முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு, குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் இன்னொரு தரம் எடும்மா என்று கேட்க நா எழாது. அங்கே சாட்சி உட்கார்ந்திருக்கிறது.

போன பொங்கலுக்கு, தாத்தா வீட்டுக் கிணற்றைத் தூர்வாரும் செலவைப் பார்த்துக்கொள்வது நானா, ஷார்ஜாவில் இருக்கும் தம்பியா என்று முடிவுசெய்யவேண்டி வந்தது. செயலி வேண்டாம் என்று பெரியம்மா முன்பே சொல்லிவிட்டார். ஆகவே ஒரு பழைய நூறு ரூபாய் நோட்டை எடுத்து, வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். முன்னால் உள்ள எழுத்துகளும் ஐந்து இலக்கங்களும் அவனுக்குத் தெரியும். இனி நான் வேறு நோட்டைக் காட்ட முடியாது. “ஒற்றையா, இரட்டையா?” என்று கேட்டேன். புது நோட்டுக் கட்டு வைத்திருப்பவர்களிடம் இது செல்லாது. அவர்களிடம் அடுத்தடுத்த எண்கள் இருக்கும். பெரியம்மாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. “நோட்டைக் கசக்கிக் காட்டு, பழசுதானா பார்ப்போம்” என்றார். கசக்கிக் காட்டினேன். தம்பி இரட்டை என்றான். விரலை எடுத்தேன். ஏழு.